வாயால் சொன்னால்தான்

"வூட்டுக்காரரு பேரச் சொல்லும்மா. சொன்னாத்தான் உள்ள இருந்து கருவக் குடுப்பாங்க."

நர்ஸ் கோகிலவாணி மூன்றாவது தடவையாகக் கேட்டாள். மேசையில் படுத்திருந்த மூக்காயி, உடுத்தியிருந்த பச்சை அங்கியின் ஓரத்தை வாயில் அழுத்திக்கொண்டு மாட்டேன் என்று தலையசைத்தாள். கல்வராயன் மலைக்காரி. கூடத்தில் வெறுமனே 'மூக்காயி' என்று கூப்பிட்டதும் முதல் ஆளாக எழுந்து வந்தவள், இந்தக் கேள்வியில் வந்து நின்றுவிட்டாள்.

"அவரு பேர நான் எப்படிங்க சொல்றது? கண்ணாலம் ஆயி ஒம்பது வருசத்துல ஒருதரம்கூட வாயில வந்ததில்ல."

கள்ளக்குறிச்சியில் ஒரு கருத்தரிப்பு மையம் அது. சிகிச்சை அறைக்கும் ஆய்வகத்துக்கும் நடுவே ஒரு சன்னல். அந்தச் சன்னலில் படிவமும் பேனாவுமாக நின்றிருந்தாள் மணிமொழி. கருக்களைப் பேணுவது அவள் வேலை. வருகிற பெண் தன் பெயரையும் கணவன் பெயரையும் தன் வாயால் சொல்ல வேண்டும். கருவைத் தாங்கிய சின்னத் தட்டின்மேல் எழுதியிருக்கும் பெயர்களோடு அது பொருந்தினால் மணிமொழி கையெழுத்துப் போடுவாள். பிறகுதான் தட்டு சன்னலைத் தாண்டும். ஒருத்தியின் கரு இன்னொருத்தி வயிற்றுக்குப் போய்விடக் கூடாதே என்பதற்கான விதி.

"மணி, நேரம் ஆகுது. கையில பட்டை கட்டியிருக்கு, ஃபைல் இருக்கு. அது பத்தாதா?" என்றார் டாக்டர் விஜயலட்சுமி.

"ஃபைல நாமதான் எடுத்தாறோம் மேடம். அதப் பாத்துப் பட்டைய எழுதிக் கட்டறதும் நாமதான். அவங்ககிட்ட இருந்து வர்றது பேரு ஒண்ணுதான்."

"பொறந்த தேதியக் கேளேன்."

"மலையில இருந்து வர்றவங்க பாதிப் பேருக்கு ஆதார்ல ஜனவரி ஒண்ணுதான் மேடம்."

டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். காலையில் உறைநிலையிலிருந்து எடுத்த கரு. இன்றே வைத்தாக வேண்டும். தட்டில் இருப்பதும் ஒன்றே ஒன்று.

"அவரு வந்து சொன்னா ஆவாதுங்களா?" என்றாள் மூக்காயி.

"அவரு வயித்துலயா வெக்கப் போறோம்?" என்றாள் கோகிலவாணி.

"சீக்கிரம் பண்ணுங்க. ரெண்டு செம்பு தண்ணி குடிக்க வெச்சிட்டீங்க. முட்டிக்கினு வருது."

"அப்ப பேரச் சொல்லு."

"சொன்னா அவரு ஆயுசு கொறைஞ்சிடுங்க."

"இன்னாத்தக் கொறையுது? எங்க வூட்டுக்காரர தெனம் பேரு சொல்லித்தான் திட்டறேன். குண்டுக்கல்லாட்டம் இருக்கறாரு."

மணிமொழிக்கு அவசரமில்லை. தியாகதுருகத்தில் அவள் அம்மா ஆண்டாள் இன்றைக்கும் ரேஷன் கடையில் கணவர் பெயரைக் கேட்டால் அட்டையைத்தான் நீட்டுவாள். இந்தச் சன்னலிலும் இப்படி எத்தனையோ பெண்களை மணிமொழி பார்த்தாயிற்று. கடைசியில் எல்லோரும் சொல்லிவிடுவார்கள். தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றி, சாமியிடம் மன்னிப்புக் கேட்டு, சுவரைப் பார்த்து முணுமுணுப்பார்கள். அதுவரை பொறுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பொறுமை போனது கோகிலவாணிக்கு. கையிலிருந்த கோப்பைப் பிரித்துப் பார்த்தாள். மூக்காயியின் பக்கம் குனிந்தாள்.

"இங்க பாரு, ராஜாங்கம். இத அப்படியே திருப்பிச் சொல்லு."

மூக்காயி அங்கியை வாயிலிருந்து எடுத்தாள். முகம் தெளிந்தது.

"இத்த மட்டும் சொன்னா போதுங்களா?"

"போதும்."

"ராஜாங்கம்" என்றாள் மூக்காயி, கணீரென்று.

"அப்பாடா" என்று டாக்டர் கையுறையை மாட்டத் தொடங்கினார். கோகிலவாணி நெற்றியைத் துடைத்துக்கொண்டாள்.

மணிமொழி தட்டைப் பார்த்தாள். 'மூக்காயி – ராஜாங்கம்' என்று எழுதியிருந்தது. படிவத்தில் முதல் கட்டத்தில் குறி போட்டாள், இரண்டாவதிலும் போட்டாள். கையெழுத்துக்குப் போன பேனா அங்கேயே நின்றது. மூக்காயி தாலியைத் தொடவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பவும் இல்லை.

"ஏம்மா, இவ்ளோ நேரம் அந்த அடம் புடிச்சே. இப்ப மட்டும் எப்படி டக்குனு சொல்லிட்டே?"

"நர்ஸம்மா சொல்லச் சொன்ன பேருதானங்க, அதுல இன்னா இருக்குது" என்று சிரித்தாள் மூக்காயி. "எங்க வூட்டுக்காரரு பேரா இருந்தா சொல்லுவனா?"