தொளதொளச் சட்டை

"ஏங்க, இங்க பாருங்க! சட்டை தொளதொளன்னு ஆயிடுச்சு!"

டியூட்டிக்குக் கிளம்பிய நர்ஸ் மனைவி, கண்ணாடி முன் ஒரு சுற்றுச் சுற்றினாள். இரண்டு மாதமாக, தனக்கு டயட் என்று விடியுமுன் எழுந்து எண்ணெயில்லாமல் சமைக்கிறாள். அவளுக்குத் துணையாக நானும் முகம் சுளிக்காமல் சாப்பிடுகிறேன்.

"பாதியாயிட்டே போ!" என்றேன்.

அவள் போனதும், அவளுடைய அடுத்த சட்டையையும் எடுத்துப் பக்கத் தையலைப் பிரித்து, ஒரு விரற்கடை தளர்த்தித் தைத்தேன். பொண்டாட்டி சந்தோஷத்துக்காக ஒரு தையல்காரன் இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

மெஷினை விட்டு எழுந்தேன். என் பேன்ட் இடுப்பில் நிற்காமல் நழுவியது.

வாசலில் சிரிப்புச் சத்தம். குடையை எடுக்கத் திரும்பி வந்திருந்தாள்.

"டாக்டர் இளைக்கச் சொன்னது உங்களை. சொன்னா கேட்டீங்களா? அதான் எனக்கு டயட்டுன்னு சொன்னேன். எனக்குத்தான் ஆஸ்பத்திரி கேன்டீன் இருக்கே! என் சட்டையைப் பிரிச்சது போதும், முதல்ல உங்க பேன்ட்டைப் பிடிச்சுத் தைங்க!"