பழைய படம்

இந்தக் காலத்து ஆட்களுக்குக் கதை சொல்லவும் விழா வேண்டியிருக்கிறது என்று முணுமுணுத்தபடி, பேத்தி பவதாரிணியைக் கூட்டிக்கொண்டு, அவள் பெயரைக் கொடுக்கச் சிறுவர் நூலகத்துக்கு வந்தார் சங்கிலி. வாசலில் அடுத்த ஞாயிறு விழாவுக்கான அறிவிப்பு ஒட்டியிருந்தது. அதிலிருந்த படத்தில், பிள்ளைகளுக்கு நடுவே பவதாரிணி முன்பல் இல்லாமல் சிரித்தாள். அந்தப் பல் இன்று காலைதான் விழுந்தது.

“போன வருஷப் படம்யா. எப்பவும் பழசத்தான் ஒட்டுவோம்” என்றார் நூலகர் முனீஸ்வரி.

“எம் பேத்தி இந்த வாசப்படியே மிதிச்சதில்ல தாயி.”

“பல்லு விழுந்தா எல்லாப் பிள்ளையும் ஒண்ணுபோலத்தான் இருக்கும்.”

பவதாரிணி படத்தைத் தொட்டாள். “தாத்தா, இந்தப் படம் எடுத்த அன்னைக்கி வாசல்ல நின்னு கூப்ட்டுக்கிட்டே இருந்தீகல்ல? எனக்குத்தான் எந்திரிக்க முடியல.”

சங்கிலி பெயர் கொடுக்கவில்லை. அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.

“வார ஞாயித்துக்கெழமப் படத்தப் போயி, போன வருஷமாம்ல. யாருகிட்ட!”