நாங்களாகவே கேட்டுக்கொள்கிறோம்

"ரக்பிங்கிற வார்த்தையே வரக்கூடாதுக்கா" என்று சொல்லி, பிலிமோனே மூன்றாவது தாளை லெசியேலியின் முன்னால் வைத்தான்.

முதல் தாளில் அவள் உள்ளதை எழுதியிருந்தாள். உங்கள் ஆள் வீடு தேடி வந்து கேட்டதால் என் மகனை அனுப்புகிறேன் என்று. அதைப் படித்ததும் அவனுக்கு வியர்த்துவிட்டது.

அடுத்த பள்ளி ஆட்டக்காரனைத் தேடிப் போய் இழுக்க மாட்டோம் என்று நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரத்துப் பெரிய பள்ளிகள் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருக்கின்றன. அதனால் எந்தப் பள்ளியும் யாரையும் அழைப்பதில்லை. தாய்மார்கள்தான் கடிதம் எழுதி இடம் கேட்கிறார்கள். எப்படிக் கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கப் பள்ளியிலிருந்து ஓர் ஆள் வருகிறான். பிலிமோனே அப்படி வந்தவன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். தேவாலயம் முடிந்து, சேப்ப இலையில் இறைச்சி பொதிந்து வேகவைத்த லூ தின்று, மாங்கெரேப் பகுதியில் உள்ள டோங்காத் தீவுக்காரர்கள் அத்தனை பேரும் குப்புறக் கிடந்து தூங்கும் நேரம். வாரத்தில் ஆறு ராத்திரி விமான நிலையத்தில் தரை துடைக்கிற லெசியேலிக்கு அந்த ஒரு தூக்கம்தான் தூக்கம்.

அதிலும் மண் விழுந்தது.

"எழுதுங்க. உங்கள் பள்ளியின் நூலகத்தைப் பற்றி மிக உயர்வாகக் கேள்விப்பட்டிருக்கிறோம்."

"நூலகமா? எம்புள்ள கடைசியா முழுசாப் படிச்சது புரோட்டீன் மாவு டப்பாவுல ஒட்டியிருந்த காகிதம்."

"எழுதுங்கக்கா."

"நூத்திநாலு கிலோ பையன் புஸ்தகம் படிக்க வர்றான்னா உங்க ஹெட்மாஸ்டர் நம்புவாரா?"

"இந்த வரியைக் குடுத்ததே அவருதான்."

லெசியேலி எழுதினாள். பேனா தாளைக் கிழித்துவிடும்போல் அழுத்தி எழுதினாள்.

பக்கத்து அறையில் லோபெட்டி குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். பதினைந்து வயது. தூங்குகிறவன் அவ்வளவு ஒழுங்காகக் குறட்டை விட மாட்டான். நான்கு நாளாக யாரும் சொல்லாமலே பாத்திரம் கழுவுகிறான். அந்தப் பள்ளியின் கோடு போட்ட சீருடைக் கோட்டு போடாவிட்டால் செத்துவிடுவான் போலிருந்தது.

படிப்புச் செலவு, சாப்பாடு, பூட்ஸ் எல்லாம் பள்ளியே பார்த்துக்கொள்ளும். அதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. அவளுடைய கேள்வி ஒன்றே ஒன்றுதான். வந்ததிலிருந்து இரண்டு முறை கேட்டுவிட்டாள். மூன்றாவது முறையும் கேட்டாள்.

"அவனுக்கு அடிபட்டா? அப்பவும் கடைசி வருஷம் வரைக்கும் வச்சுப் படிக்க வைப்பீங்களா, மாட்டீங்களா?"

"எங்க பள்ளி ஒரு குடும்பம்க்கா."

"குடும்பம் எங்கிட்டயே இருக்கு. வைப்பீங்களா?"

அந்த நேரம் பார்த்து அவனுடைய கைப்பேசி அடித்தது. பயிற்சியாளர். பிலிமோனே அதைக் காதில் வைத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனான். "ஆமா சார், எழுதிட்டே இருக்காங்க" என்று சொல்வது சன்னல் வழியே கேட்டது.

லெசியேலி கடிதத்தை முடித்துக் கையெழுத்துப் போட்டாள். பிறகு இன்னொரு தாளை எடுத்தாள். இதற்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஓர் இடத்திலும் நிற்காமல், ஒரு சொல்லும் அடிக்காமல் எழுதி முடித்தாள்.

அவன் திரும்பி வந்து முதல் கடிதத்தைப் படித்தான். முகம் மலர்ந்தது.

"அருமைக்கா. இதுதான் வேணும்."

"இதையும் வச்சுக்க தம்பி" என்று அவள் மற்றதை நீட்டினாள். "அந்த நாள் வரும்போது மறுபடி வந்து என் தூக்கத்தைக் கெடுக்க வேணாம். தேதி மட்டும் நீயே போட்டுக்க."

அவன் வாங்கிப் படித்தான்.

குடும்பக் காரணங்களால் எங்கள் மகன் லோபெட்டியை இந்தப் பருவத்தோடு பள்ளியிலிருந்து விடுவிக்கும்படி நாங்களாகவே கேட்டுக்கொள்கிறோம். இதில் பள்ளிக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. இதுவரை செய்த உதவிகளுக்கு நன்றி. கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.

இரண்டு வருடத்துக்கு முன், அதே பள்ளிக்கு ஆடிய மூத்தவன் செமிசிக்கு முழங்கால் அறுவை நடந்த பத்தாம் நாள், இதே பிலிமோனே இதே மேசையில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல அவள் எழுதியது. இப்போது பெயரை மட்டும் மாற்றியிருந்தாள்.

அவன் தலை நிமிரவில்லை. காது சிவந்தது.

லெசியேலி காத்திருந்தாள். கிழித்துப் போடட்டும், பையனை அனுப்பிவிடுகிறேன் என்று மனத்துக்குள் முடிவு செய்திருந்தாள். கிழிக்கக்கூட வேண்டாம். வேண்டாம்க்கா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

பக்கத்து அறையில் குறட்டை நின்றிருந்தது.

பிலிமோனே தொண்டையைச் செருமிக்கொண்டான். இரண்டு தாள்களையும் மேசையில் தட்டி, விளிம்பு சேர்த்துக் கோப்புக்குள் வைத்தான். மூடப் போனவன் எதையோ கவனித்து, இரண்டாவதை மட்டும் வெளியே எடுத்தான்.

"அக்கா, இதுல கையெழுத்து விட்டுப்போச்சு."

பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினான்.

லெசியேலி எட்டிக் கோப்பிலிருந்து, இடம் கேட்டு எழுதிய முதல் கடிதத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.