அலுமினியத் தட்டு

காப்பகத்திலிருந்து கூட்டிவந்த கலப்பின நாய்க்குட்டி, பதினோரு நாளாகியும் எங்கள் வீட்டில் ஓரிடத்தில் படுக்கவில்லை. ஓயாமல் அறைக்கு அறை நடந்தது. நான் கார் சாவியை எடுத்தால் தன் அலுமினியத் தட்டைக் கவ்விக்கொண்டு வாசலில் போய் நிற்கும். "பிக்னிக் கிளம்பிடுச்சு" என்று மகள் சிரித்துக்கொண்டே வீடியோ எடுப்பாள். ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் நின்று காப்பகத்தை அழைத்து, எங்களுக்கு ஒத்துவரவில்லை என்றேன். "கொண்டாந்து விடுங்க சார். இதுக்கு முன்னாடி எடுத்துட்டுப்போன ரெண்டு வீட்லயும் அப்படித்தான் திருப்பி விட்டாங்க. தட்ட மறந்துடாதீங்க, ரெண்டு தடவையும் அதோடதான் வந்துச்சு" என்றார் அங்கிருந்த பெண்மணி. யாரிடமும் சொல்லாமல் கீழே இறங்கினேன். சாவி ஆணியில்தான் தொங்கியது. நாய் தட்டோடு வாசலில் நின்றது. "நீங்க சாவியத் தொடவே இல்லையே, இது ஏங்க கிளம்பி நிக்குது?" என்று மனைவி என் முகத்தைப் பார்த்தாள்.