வெள்ளைத் துண்டின் முனை

பதினோரு மணி வெயில், புதுக்கோட்டைக் கல்லூரி ஆய்வகத்தின் ஜன்னல் கம்பிகளை மேசைமேல் கோடு கோடாகப் போட்டிருக்கிறது. கோடுகளுக்கு நடுவே இரண்டு கண்ணாடிக் குடுவைகள் நிற்கின்றன. ஒன்றில் உதயசூரியனின் சாயப்பட்டறைக் கழிவுநீர், மை போன்ற நீலம். மற்றதிலும் அதே நீர்தான். பூஞ்சை போட்டு இரண்டு நாள் குலுக்கி வடிகட்டியதில் நீலம் போன இடம் தெரியவில்லை. பக்கத்துக் கிணறு நிறம் மாறியதால் அதிகாரிகள் பூட்டிய பட்டறை ஒரு மாதமாக அப்படியே கிடக்கிறது. ஆய்வு மாணவி பரிமளா, நிறம் அளக்கும் கருவியில் ஒளிரும் எண்ணை உதயசூரியனுக்குக் காட்டுகிறாள். அவர் அதைப் பார்க்கவில்லை. நகக்கண்ணில் நீலம் ஊறிய விரல்களால் தோளில் கிடக்கும் வெள்ளைத் துண்டின் முனையைத் தெளிந்த நீரில் முக்கிப் பிழிந்து, வெயிலில் விரித்துப் பிடிக்கிறார். வெள்ளை வெள்ளையாகவே இருக்கிறது. மின்விசிறி கடகடக்கிறது.

"நெசமாத்தான் போயிருச்சும்மா. நாளைக்கே பூட்டத் தெறக்கச் சொல்லிரலாம்ல?" என்கிறார். பிறகு துண்டை உதறிக்கொண்டே, "ஆமா, அம்புட்டுச் சாயமும் எங்கிட்டுப் போச்சு?"

பரிமளா வடிதாளை அவர் பக்கம் நகர்த்துகிறாள். சவ்வரிசி போல வெள்ளையாகப் போட்ட பூஞ்சை உருண்டைகள் நாவற்பழ நிறத்தில் ஊறிக் கிடக்கின்றன.

"எல்லாம் இதுக்குள்ளதாண்ணே இருக்கு."

"இத எங்கிட்டும்மா கொட்டுவீங்க?"

அவள் குனிந்து, மேசைக்கு அடியிலிருந்து ஒரு வாளியை இழுக்கிறாள். முந்தைய சோதனைகளின் நீல உருண்டைகள் அதில் விளிம்புவரை நிற்கின்றன. இதையும் தாளோடு மேலே வைத்து மூடியை அமுக்குகிறாள். மூடி உட்காரவில்லை.