கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

குழந்தை போனதிலிருந்து ஜெபராணி வீட்டு வாசலைத் தாண்டவில்லை. எலும்பெல்லாம் வலிக்கிறது என்றதற்கு டாக்டர் வெயிலில் உட்காரச் சொன்னார். அவளும் காலையில் மூடிய கண்ணாடி ஜன்னலோரம், மடியில் வெயில் விழ உட்கார்ந்து பார்த்தாள். வலி குறையவில்லை. ஏன் என்று தெரியாமல் அவள் கணவன் செல்வினுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தேடிப் படித்துவிட்டு, அன்று மத்தியானம் உற்சாகமாக அவளருகே ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

“கண்ணுக்குள்ள போற வெளிச்சம் மனசைத் தெளிய வைக்கும், ராணி. அது கண்ணாடியைத் தாண்டி வந்துடும். எலும்புக்கு வேண்டிய கதிர் இருக்கே, அது தோல்ல நேரா படணும். கண்ணாடி அதை விடாது. இத்தனை நாளா பாதி வெயில்லதான் உக்காந்திருக்கே!” சிரித்தபடி கொக்கியை எடுத்தான்.

“தொறக்காதீங்க.”

“நம்ம நிழல் நம்மளவிடக் குட்டையா இருக்கிற நேரம்தான் நல்லது. இப்ப...”

“வெயிலை மட்டும் உள்ள விட வழி இருக்கான்னு படிச்சீங்களா?”

ஜன்னல் கதவு ஒரு சாண் திறந்துவிட்டது. கீழே மழலையர் பள்ளி விட்டிருந்தது. பிள்ளைகளின் கூச்சல் அறைக்குள் ஏறி வந்தது. அந்தக் கண்ணாடி இதையும் வெளியே நிறுத்தி வைத்திருந்தது என்று அவன் படித்த எதிலும் இல்லை. அவசரமாகக் கதவை இழுத்தான்.

“இருக்கட்டும். வலிக்குதுல்ல” என்று அவள் தடுத்தாள்.

இடது உள்ளங்கையால் காதைப் பொத்திக்கொண்டு, வலது கையைக் கம்பிகளுக்கிடையே முழங்கை வரை வெயிலில் நீட்டினாள். கீழே அம்மாவின் விரலைப் பிடித்துப் போன ஒரு குழந்தை அண்ணாந்து பார்த்து, அந்தக் கைக்கு டாட்டா காட்டியது.

கை உள்ளே வரவில்லை. விரல்கள் மட்டும் மெல்ல மூடிக்கொண்டன.