உடன் கேட்பவர்

மாலை ஆறு மணிக்கு அருளப்பன் வீட்டுச் சுவர்த்திரையில் மகள் ஸ்டெல்லாவின் பெயர் ஒளிரும். ஓசூரில் அவள் வீட்டில் எந்த ஆல்பம் ஓடுகிறதோ, அதுவே பாளையங்கோட்டையில் தனியாக இருக்கும் இவர் வீட்டிலும் ஓடத் தொடங்கும். இரண்டு வீட்டையும் அவள்தான் அப்படி இணைத்து வைத்திருந்தாள். ‘உங்களுடன் ஒருவர் கேட்கிறார்’ என்று சுவரில் ஒரு வரி வரும். அந்த வரிக்காகவே அவர் முகம் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு உட்காருவார்.

ஒரு மாதமாக வந்ததெல்லாம் வயலின்தான். பாட்டில் ஒரு சொல் கிடையாது, இழுத்து இழுத்து அழுதது. பிள்ளைக்கு என்ன கஷ்டமோ என்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் செய்தே விட்டார்.

“ஏம்மா, தெனமும் சோகமாவே கேக்கியே? மாப்பிள்ளை கூட எதும் சண்டையா?”

ஸ்டெல்லாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்துவிட்டாள்.

“ஐயோ அப்பா, ஆறு மணிக்கு நாங்க ரெண்டு பேருமே ஆபீஸ்ல இருப்போம். பூனை தனியா கெடந்து கத்துதுன்னு வீடே தானா அதுக்குப் போடுற மியூசிக்ப்பா அது. உங்க வீட்டுக்கும் வரும்ங்கிறதையே மறந்துட்டேன். நிறுத்திரவா?”

“வேண்டாம் வேண்டாம். இருக்கட்டும்மா” என்றார் அவசரமாக.

மறுநாள் ஆறு மணிக்குச் சுவரில் அதே வரி வந்தது. சட்டை மாற்றத்தான் வேண்டுமா என்று கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். வயலின் தொடங்கியது.

பூனையின் பேரைக் கேட்காமல் விட்டுவிட்டோமே என்றிருந்தது அவருக்கு.